ஐம்பத்து மூன்றாவது குடித்தனம்

எங்கள் அலுவலகத்தில் அவரை ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கணக்கெடுக்கப் போகும் பகுதிக்கு முதலில் ஒரு வரைபடம் போட வேண்டும். மற்றவர்கள் கை போன போக்கில் தெருவை இழுத்துவிட்டு வருவார்கள். அவர் மட்டும் பையிலிருந்து முனை உடைந்த ஒரு மர ஸ்கேலை எடுத்து, தெருவோரம் நிற்கும் ஏதாவது வண்டியின் மேல் காகிதத்தை விரித்து, நேர்கோடு போடுவார். வண்டிக்காரர் வந்து முறைத்தால், "ரெண்டு நிமிஷம் இருங்க, உங்க தெருவைத்தான் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்பார். முறைத்தவர் பக்கத்தில் நின்று, தன் வீடு எங்கே வருகிறது என்று எட்டிப் பார்ப்பார்.

அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பில் களப் பணியாளர். ஒப்பந்த வேலைதான், பதினொரு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள். நான் அதே அலுவலகத்தில் திருத்தப் பிரிவில் இருந்தேன். களத்தில் அவர்கள் டேப்லெட்டில் பதிந்து அனுப்புவது என் திரைக்கு வரும். கணக்கு உதைக்கிற இடத்தில் சிவப்பு விழும். அதைக் கேட்டுச் சரிபார்த்து மேலே அனுப்புவது என் வேலை. அக்கா அனுப்புவதில் சிவப்பு குறைவாக விழும். விழுந்தால் வம்புதான். ஏனென்றால் அந்தச் சிவப்புக்குப் பின்னால் உண்மை இருக்கும்.

அவர் வீட்டில் அவரும் அவருடைய மாமியாரும் மட்டும். புருஷன் இன்னொரு குடும்பத்தோடு போய்ப் பல வருஷம் ஆகிறது. "பெத்த புள்ளை போனா போறான், நீ எங்கடி போற?" என்று மாமியார் மருமகளைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் வாரத்துக்கு ஒரு சண்டை நிச்சயம். சண்டை முற்றினால் மாமியார் தனியாக உலை வைப்பார். மறுநாள் அக்கா அலுவலகத்தில் சொல்வார்: "நேத்து எங்க வீட்ல ரெண்டு குடித்தனம். இன்னைக்குக் காலையில காபி குடிச்சதும் ஒண்ணாயிடுச்சு."

இந்த நகைச்சுவை எங்களுக்குத்தான் புரியும். கணக்கெடுப்பில் வீடு வேறு, குடும்பம் வேறு, குடித்தனம் வேறு. கல்யாணமோ ரத்த உறவோ குடித்தனத்தைத் தீர்மானிப்பதில்லை. வழக்கமாக ஒரே கூரையின் கீழ் தூங்கி, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடித்தனம். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு அடுப்பு வைத்தால் இரண்டு குடித்தனம். முன்பின் தெரியாத நாலு பேர் ஒரு பானையில் சாப்பிட்டால் அது ஒரு குடித்தனம். விதிப் புத்தகத்தில் எட்டாம் பக்கத்தில் இருக்கிறது. புத்தகத்தை எல்லோருக்கும்தான் கொடுத்தார்கள். அக்கா படித்தார்.

அந்த வருஷம் அவருக்கு விழுந்த பகுதி, துறைமுகச் சாலைக்குப் பின்னால் இருந்த நாலு தெரு. எந்தப் பகுதி என்பதைத் தலைமை அலுவலகம் ஒரு பெரிய பட்டியலிலிருந்து குலுக்கல் மாதிரி எடுத்து அனுப்பும். போனவுடன் யாரிடமும் கேள்வி கேட்கக் கூடாது. முதலில் வடமேற்கு மூலையில் ஆரம்பித்து, ஒரு கதவைக்கூட விடாமல் எல்லாக் குடித்தனத்தையும் வரிசையாக எழுத வேண்டும். அக்கா நாலு நாள் நடந்து நூற்று அறுபத்தெட்டு எழுதினார். அதில் பதினான்கை மட்டும் எடுப்பார்கள். பன்னிரண்டுக்கு ஒன்று. எந்த எண்ணில் ஆரம்பிப்பது என்பதும் நம் கையில் இல்லை, அதுவும் மேலிருந்துதான் வரும். இந்த முறை ஐந்து வந்தது. ஐந்து, பதினேழு, இருபத்தொன்பது, நாற்பத்தொன்று, ஐம்பத்து மூன்று என்று போனது வரிசை.

ஐம்பத்து மூன்றில்தான் வினை.

அது சரக்கு வைக்கும் ஒரு கிட்டங்கியின் மாடி. கீழே காலி அட்டைப்பெட்டிகளும் பிளாஸ்டிக் தட்டுகளும் அடுக்கியிருக்கும். பின்புறம் இரும்புப் படி. மேலே தகரக் கூரை போட்ட ஒரே ஒரு நீள அறை. அதில் ஏழு பெண்கள் இருந்தார்கள். ஏழு பேரும் உறைமீன் கம்பெனியில் மீன் கழுவி, தரம் பிரித்து, பெட்டியில் அடுக்குகிறவர்கள். கிட்டங்கியும் அறையும் அவர்களை வேலைக்கு அனுப்பும் காண்ட்ராக்டருடையவை. அக்கா பட்டியல் எழுதப் போன அன்று அறை பூட்டியிருந்தது. படியில் காய்ந்த ஏழு நைட்டியையும், ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு கேஸ் குழாயையும் பார்த்துவிட்டு, பக்கத்துத் தையல் கடைக்காரரிடம் விசாரித்து, "பெண்கள் 7, அடுப்பு 1, குடித்தனம் 1" என்று எழுதினார்.

எண்கள் வந்த அன்று எங்கள் கண்காணிப்பாளர் பட்டியலைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. மாதக் கடைசிக்குள் பதினான்கும் முடிந்து மேலே போய்விட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லாதவர்.

"அம்மா, இந்த அம்பத்து மூணு வேணாம். அது ஹாஸ்டல். ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, ஜெயில் இதெல்லாம் நமக்குக் கணக்கில வராதுன்னு தெரியும்ல?"

"ஹாஸ்டல்னா மேற்பார்வைக்கு ஒருத்தர் இருக்கணும், சமைச்சுப் போட ஒருத்தர் இருக்கணும் சார். இங்க அவங்களே சமைச்சு அவங்களே சாப்பிடறாங்க."

"சரி, ஆளே இருக்க மாட்டாங்களே. காலையில போனா ராத்திரிதான் வருவாங்க. பக்கத்துல அம்பத்து நாலு பேங்க்ல ரிட்டயர் ஆனவரு. நாற்காலி போட்டு உட்கார வச்சுப் பதில் சொல்லுவாரு. அதை எடுத்துக்குங்க."

"அவரு அம்பத்து நாலு சார்."

"ஒரு நம்பர்தானேம்மா."

"ஒரு நம்பரா?" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "இந்தப் பதினாலு வீடு ஒவ்வொண்ணும் தலைக்குத் தொள்ளாயிரம் வீட்டுக்குப் பதிலா பேசுது. நீங்கதான் பயிற்சியில சொன்னீங்க. ஆள் கிடைக்காத வீட்டையெல்லாம் விட்டுட்டு நாற்காலி போடற வீட்டையே எடுத்தா, நாட்ல எல்லாரும் ரிட்டயர் ஆகி உட்கார்ந்திருக்காங்கன்னுதான் கணக்கு வரும்."

நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினேன். கண்காணிப்பாளர் என்னைப் பார்த்தார். அடக்கியது போதவில்லை போலிருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் அக்கா கிட்டங்கிக்குப் போனார். காண்ட்ராக்டர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். படிக்கும் அவருக்கும் நடுவில் இடம் இல்லை. அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன கேக்கணும்? என்கிட்ட கேளுங்க. நான் சொல்றேன்."

"அவங்களைத்தான் கேக்கணும்."

"நான்தான்மா அவங்களுக்கு எல்லாம். அப்பா மாதிரி."

"அப்பாவும் இதே அடுப்புல சாப்பிடறீங்களா?"

அவருக்கு அது பிடிக்கவில்லை. "இங்க யாரும் பேச மாட்டாங்க. மறுத்துட்டாங்கன்னு எழுதிக்கிட்டுப் போங்க."

"மறுக்கிறதுன்னா அவங்க வாயால மறுக்கணும். உங்க வாயைக் கணக்குல சேர்க்க எனக்கு அதிகாரம் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அலுவலகம் வந்து நடந்ததை எனக்குச் சொன்னார்.

ஏன் இப்படி ஒரு பிடிவாதம் என்று அன்றுதான் கேட்டேன். தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். கல்யாணமான புதிதில் வீட்டிலேயே தையல் வேலை. கம்பெனிக்காரன் வெட்டிய துணியை மூட்டையாக இறக்கிவிட்டுப் போவான். விடிந்ததும் மிஷினில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரைக்கும் எழுந்திருக்க முடியாது. ஒரு நாள் கணக்கெடுப்பு ஆள் வந்தார். மாமனார் வாசலில் நின்று பதில் சொன்னார். மருமகள் என்ன பண்ணுது என்று கேட்டதற்கு, "சும்மாதான் இருக்கு" என்றார். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் அந்த ஆள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அக்கா எழுந்து வெளியே வந்து, "என்னை யாரும் கேக்கலியே" என்றார். "பெரியவர் சொல்லிட்டாரும்மா, போதும்" என்று அந்த ஆள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

"அவரைக் குத்தம் சொல்லல. வெயில்ல வந்தவரு, முடிச்சாப் போதும்னு இருந்திருக்கும். ஆனா அந்த வருஷத்துக் கணக்குல நான் வேலை செய்யாத ஆளு. என் மாதிரி இன்னும் எத்தனை ஆயிரம் பேரோ. மிஷின் சத்தத்தோட சேர்த்து எங்களைக் காணாம அடிச்சிட்டாங்க" என்றார்.

பிறகு அவர் தபால் வழியில் பட்டம் படித்ததும், முப்பத்தெட்டு வயதில் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டதும் எனக்குத் தெரியும். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவர் மாமியாரின் தங்கை. தபாலில் போட்டது மாமியார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி அரை நாள் என்று தையல் கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு அக்கா போனார். காண்ட்ராக்டர் நாற்காலி காலியாக இருந்தது. சாப்பிடப் போயிருப்பார். படி ஏறிக் கதவைத் தட்டினார்.

அறையில் ஏழு பாய், ஏழு பெட்டி, ஒரு மின்விசிறி. மூலையில் ஒரு அடுப்பு. அதன் பக்கத்தில் சுவரில் கரியால் ஏழு கட்டம் போட்டு, இன்றைக்கு யார் சமையல் என்று எழுதியிருந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்தரை மற்றவர்கள் பெரியக்கா என்றார்கள். மற்றவர்களில் ஒருத்திக்கு வாயாடி என்று பட்டப்பெயர். அது பொருத்தம்தான் என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

"காண்ட்ராக்டர் எங்களைச் சொந்தக்காரங்கன்னு சொல்லச் சொல்லியிருக்காரு. அவரோட சித்தி பொண்ணுங்களாம். பாக்க வந்திருக்கோமாம்" என்றாள் வாயாடி.

"ஏழு சித்தி பொண்ணா?" என்று அக்கா கேட்டார். ஏழு பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் சித்தி பேச்சை எடுக்கவில்லை.

அக்கா டேப்பைத் திறப்பதற்கு முன் ஒன்று சொன்னார். "நீங்க சொல்றது உங்க பேரோட எங்கேயும் போகாது. காண்ட்ராக்டருக்கும் போகாது, கம்பெனிக்கும் போகாது, போலீஸ் கேட்டாலும் குடுக்க மாட்டோம். சட்டம் அப்படி. ஆனா அதே சட்டத்தால, நீங்க சொல்ற கஷ்டத்தை நான் போய் வேற ஆபீஸ்ல சொல்லவும் முடியாது. அதையும் தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க. பேச வேணாம்னாலும் சரி."

பெரியக்கா அவர் பக்கம் திரும்பினார். "அப்போ எதுக்கும்மா கேக்கறீங்க?"

"நீங்க இருக்கீங்கன்னு எழுதறதுக்கு."

பெரியக்கா பாயை விரித்து உட்காரச் சொன்னார்.

முதல் கேள்வியே தகராறு. குடித்தனத் தலைவர் யார்? ஏழு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அதுவரை அவர்கள் யாரிடமும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. தலைவர் என்றால் ஆம்பளையாக இருக்க வேண்டாமா என்று ஒருத்தி கேட்டாள். வேண்டாம் என்றார் அக்கா. கடைசியில் பெரியக்காவைத் தலைவராக்கினார்கள். அவர் முதலில் மறுத்து, பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த கேள்வி, தலைவருக்கு மற்றவர்கள் என்ன உறவு. டேப்பில் ஒரு பட்டியல் இருக்கும். மனைவி, மகன், மருமகள் என்று போய்க் கடைசியில் 'உறவினர் அல்லாதவர்' என்று முடியும். அக்கா அதைப் படித்துக் காட்டினார்.

"உறவே இல்லேன்னு போடுவீங்களா?" என்றாள் வாயாடி. "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ரெண்டு நாள் என்னைத் தூக்கி உட்கார வச்சுக் கஞ்சி குடுத்தது இவங்க. சொந்தக்காரங்க போன்கூட எடுக்கல."

"பட்டியல்ல வேற இல்லம்மா."

"அப்போ பட்டியல் தப்பு."

"தப்புதான்" என்றார் அக்கா. "குறிப்புல எழுதறேன்."

அந்தக் குறிப்பு இரண்டு நாள் கழித்து என் திரைக்கு வந்தது. 'உறவினர் அல்லாதவர் எனப் பதியப்பட்டுள்ளது. பதிவை ஆறு பேரும் ஏற்கவில்லை.' என் வேலைக் காலத்தில் அப்படி ஒரு குறிப்பை நான் படித்ததில்லை.

பிறகு வேலை பற்றிய கேள்விகள். கடந்த ஏழு நாளில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்? மொத்தமாகக் கேட்டால் ஆட்கள் குத்துமதிப்பாகச் சொல்வார்கள் என்பதால் நாள் நாளாகக் கேட்க வேண்டும். பெரியக்கா விரல் விட்டு எண்ணினார். பனிக்கட்டித் தண்ணீரிலேயே கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. காலை ஆறுக்குப் போனால் இரவு ஏழு, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. ஆறு நாளைக்கு எழுபத்திரண்டு. ஞாயிறு ஆறு. எழுபத்தெட்டு.



"எழுபத்தெட்டா?" என்றாள் வாயாடி. "எங்க ரெஜிஸ்டர்ல நாப்பத்தெட்டுன்னுதானே கையெழுத்து வாங்கறாங்க?"

அதற்குப் பதில் சொல்ல அக்காவுக்கு அனுமதி இல்லை. அடுத்த ஆளைப் பார்த்து அதே கேள்வியை முதலிலிருந்து கேட்டார். திங்கட்கிழமை எத்தனை மணி நேரம்? ஏழு பேரிடமும் கேட்டார். ஏழு தடவையும் அந்தக் கூட்டல் எல்லோர் காதிலும் விழுந்தது. காய்ச்சலில் இரண்டு நாள் படுத்த வாயாடிக்கு மட்டும் ஐம்பத்து நாலு. "படுத்தும் ரெஜிஸ்டரைத் தாண்டிட்டேன் பாருங்க" என்றாள்.

எழுபதுக்கு மேல் போனால் என் திரையில் சிவப்பு விழும். ஆறு சிவப்பு ஒரே குடித்தனத்தில் விழுந்தது. கண்காணிப்பாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஒரே வீட்ல ஆறு பேருக்கும் ஒரே நம்பர். தலைமை ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க. நாப்பத்தெட்டுன்னு போட்டுவிடுப்பா. கம்பெனிக் கணக்கும் அதுதானே."

நான் அந்த வரியைத் தொட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் எழுபத்தெட்டில் 7-ஐ அழித்தும்விட்டேன். அப்போது அக்கா உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை.

"மாத்துப்பா, தாராளமா மாத்து. மாத்தினவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல உன் பேரைப் போட்டு மாத்து. என் பேருல இருக்கிற கணக்கு எழுபத்தெட்டு."

"என்னம்மா இது, மிரட்டறீங்களா?" என்றார் கண்காணிப்பாளர்.

"இல்ல சார். சந்தேகம்னா மறுபடி போய்க் கேட்டுட்டு வரலாம். விதியில அதுக்கு வழி இருக்கு. இங்க உட்கார்ந்துக்கிட்டு அவங்க உழைச்ச முப்பது மணி நேரத்தை அழிக்கறதுக்கு வழி இல்ல. இருந்தா எந்தப் பக்கம்னு காட்டுங்க."

அவர் அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை. நான் அழித்த 7-ஐத் திரும்பப் போட்டு, 'களப் பணியாளர் உறுதிப்படுத்தினார்' என்று குறித்து மேலே அனுப்பினேன். அன்று மத்தியானம் கண்காணிப்பாளர் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

தேர்ந்தெடுத்த குடித்தனத்தை ஒரு தடவையோடு விடமாட்டோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மொத்தம் நாலு தடவை போக வேண்டும். இரண்டாம் முறை அக்கா போனபோது கிட்டங்கிச் சுவரில் 'பெண்கள் மெஸ்' என்று புது போர்டு தொங்கியது. படிக்குக் கீழே ஒரு கொட்டகை, பெரிய அடுப்பு, ஒரு சமையல்காரர். காண்ட்ராக்டர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்கம்மா. இப்போ நாங்களே சமைச்சுப் போடறோம். அப்போ இது ஹாஸ்டல்தானே? உங்க கணக்குல வராதுல்ல?"

அவர் எங்கேயோ விசாரித்திருக்கிறார். எட்டாம் பக்கத்தை அக்காவுக்கு அப்புறம் ஒழுங்காகப் படித்தவர் அந்த ஊரில் அவர் ஒருத்தர்தான்.

"அவங்க இதைச் சாப்பிட்டா வராது" என்றார் அக்கா. "சாப்பிடறாங்களா?"

சமையல்காரர் மூடி வைத்திருந்த பாத்திரத்தைப் பார்த்தார். அது நிறைய இருந்தது.

மேலே போனால் மூலையில் பழைய அடுப்பு இல்லை. காண்ட்ராக்டர் எடுத்துப் போய்விட்டார். அதே இடத்தில் ஒரு மின்சார அடுப்பு. ஏழு பேரும் சேர்ந்து வாங்கியது. சுவரில் கரிக் கட்டம் அப்படியே இருந்தது, அன்றைக்கு யாருடைய முறை என்பது உட்பட.

"கீழே சாப்பிட்டா என்ன?" என்று அக்கா கேட்டார். கணக்குக்காகத்தான் கேட்டார்.

பெரியக்கா சொன்னார்: "எந்நேரம் எழுந்திருக்கணும்னு அவரு சொல்றாரு. எந்நேரம் படுக்கணும்னு அவரு சொல்றாரு. எதுல உப்பு எவ்வளவுன்னாவது நாங்க சொல்லிக்கறோம். இதையும் விட்டுட்டா அப்புறம் எங்ககிட்ட என்னம்மா இருக்கு?"

அக்கா அடுப்பின் மேலிருந்த பானையைத் திறந்து பார்த்தார். சோறு சூடாக இருந்தது. 'அடுப்பு 1, குடித்தனம் 1' என்று பதிந்துவிட்டு, மறுபடி திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லோரும் பூஜ்யம் என்றார்கள்.

"லீவு விட ஆரம்பிச்சுட்டாங்களா?"

"அவங்க விடல. நாங்க போகல" என்றாள் வாயாடி. "நீங்க போனப்புறம் அடுத்த ஷெட்டுக்காரிங்ககிட்டயும் கூட்டிப் பாக்கச் சொன்னோம். எல்லாருக்கும் எழுபதுக்கு மேலதான் வந்துச்சு. நாலு ஞாயிறா யாரும் போகல. முதல் ஞாயிறு கத்தினாங்க. ரெண்டாவது ஞாயிறு வேற ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. மீனைப் பிரிக்கத் தெரியாம பாதியைக் கெடுத்துட்டாங்க. மூணாவதுலேர்ந்து கேட்டைத் திறக்கறதே இல்ல."

அக்கா ஏழு பூஜ்யம் பதிந்தார். கீழே இறங்கும்போது காண்ட்ராக்டர் அவரைப் பார்த்த பார்வை சரியில்லை என்று பிறகு சொன்னார்.

பத்து நாளில் புகார் வந்தது. கணக்கெடுப்பு என்ற பெயரில் ஒரு பெண் வந்து தொழிலாளர்களைத் தூண்டிவிடுகிறார், உற்பத்தி பாதிக்கப்படுகிறது என்று கம்பெனியின் தலைப்புத் தாளில், மூன்று பக்கம். விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும், புள்ளியியல் படித்த அம்மா. அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்க அப்போது மூன்று வாரம்தான் இருந்தது. மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்துவிடும் என்று கண்காணிப்பாளர் முந்தின நாளே சொல்லிப் பார்த்தார். கடிதத்தை அவரே அடித்தும் வைத்திருந்தார். அக்கா அதைப் படித்து, இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தி, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்.

விசாரணை எங்கள் பிரிவிலேயே நடந்தது, வேறு அறை இல்லாததால்.

"அவங்ககிட்ட என்ன பேசினீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"அச்சுல இருக்கிற கேள்வியைக் கேட்டேன் மேடம்."

"வேற?"

"வேற எதுவும் இல்ல. சட்டப்படி நாப்பத்தெட்டுதான்னுகூடச் சொல்லல. சொல்லணும்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

"அப்போ அவங்க எப்படி ஞாயித்துக்கிழமை வேலையை நிறுத்தினாங்க?"

"கூட்டிப் பாத்தாங்க" என்றார் அக்கா. "நாமதான் நாள் நாளா கேக்கச் சொல்லியிருக்கோம். ஒருத்தரை உட்கார வச்சு ஏழு நாளையும் கேட்டா, கேக்கறவளுக்கு மட்டுமா தெரியும்? பதில் சொல்றவங்களுக்கும் தெரிஞ்சுடுது. அது தூண்டறதுன்னா கேள்வியை எடுத்துடுங்க. கேள்வி இருக்கிற வரைக்கும் நான் கேப்பேன். வேலையை விட்டு எடுத்தாலும், எனக்குப் பதிலா வர்றவங்களும் அதையேதான் கேக்கணும்."

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் அவர் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் தனியாகக் கிட்டங்கிக்குப் போய், அதே படிவத்தோடு அந்த ஏழு பேரையும் முதலிலிருந்து கேட்டார். மறு ஆய்வு என்பது அதுதான். சாயங்காலம் வந்து என் திரையில் இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எட்டு இடத்தில் வித்தியாசம். ஏழு, ஒவ்வொருத்திக்கும் ஒன்றாக, அந்த வாரத்து மணிக்கணக்கு. அது மாறத்தான் செய்யும். எட்டாவது, உறவுக் கட்டத்தில். அக்கா 'உறவினர் அல்லாதவர்' என்று போட்டிருந்ததில் ஒருத்திக்கு அதிகாரி 'தங்கை' என்று போட்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு விடல" என்றார் என்னிடம். யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

தீர்ப்பு இரண்டே வரி. களப் பணி விதிப்படி உள்ளது. புகார் முடிக்கப்படுகிறது. பாராட்டு ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். ஆனால் அடுத்த சுற்றில் அக்காவுக்கு விழுந்த பகுதிகளெல்லாம் பஸ் போகாத தொலைவில் இருந்தன. குலுக்கல் தலைமை அலுவலகத்தில்தான். எந்தப் பகுதியை எந்தப் பணியாளருக்குக் கொடுப்பது என்பது மட்டும் கண்காணிப்பாளர் கையில். அக்கா பட்டியலைப் பார்த்துவிட்டு, "நடந்தா சர்க்கரை குறையும்னு டாக்டர் சொன்னாரு" என்றார். அவருக்குச் சர்க்கரை கிடையாது.

ஐம்பத்து மூன்று இருந்த அந்தப் பழைய பகுதியை மட்டும் அவரிடமிருந்து மாற்ற முடியவில்லை. தொடங்கியவரே முடிக்க வேண்டும். மூன்றாம் முறை போனபோது மெஸ் போர்டு இருந்தது, சமையல்காரர் இல்லை. நாலாம் முறை போனபோது அறையில் நாலு பேர்தான். பெரியக்காவும் வாயாடியும் இன்னொருத்தியும் வேறு கம்பெனிக்கு மாறி, இரண்டு தெரு தள்ளி அறை எடுத்துப் போய்விட்டார்கள். வேறு கூரை, வேறு அடுப்பு. அது இப்போது வேறு குடித்தனம், தேர்வில் விழாத குடித்தனம். அக்கா மிச்சம் இருந்த நாலு பேரிடம் புதுத் தலைவர் யார் என்று கேட்டார். நாலு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.

அந்த வருஷ அறிக்கை வந்தபோது நான் பக்கம் பக்கமாகத் தேடினேன். வாரத்துக்கு அறுபது மணிக்கு மேல் வேலை செய்யும் பெண்கள் என்று ஒரு வரி. முந்தின வருஷத்தைவிடக் கொஞ்சம் கூட. எங்கள் ஏழு பேர் அந்தப் புள்ளிக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறார்கள், விரல் வைத்துக் காட்ட முடியாது. அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "இவ்வளவுதானா? இன்னும் நிறைய பேர் விட்டுப் போயிருக்கும்" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் அவர் இன்னொரு காரியம் செய்தார். எங்கள் அலுவலகக் களப் பணியாளர்கள் பன்னிரண்டு பேரையும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்து, ஒரு வெற்றுத் தாளில் கட்டம் போட்டு, திங்கட்கிழமையிலிருந்து கேட்டார். வரைபடம், பட்டியல், ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு, வீட்டுக்குப் போய்ப் பதிவைச் சரிபார்ப்பது எல்லாம் சேர்ந்து சராசரி அறுபத்து மூன்று வந்தது. வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு வேண்டும் என்று மேலே ஒரு வாக்கியம் எழுதி, பன்னிரண்டு கையெழுத்து வாங்கி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தார். கண்காணிப்பாளர் தாளை வாங்கிப் படித்தார். பிறகு, "என்னோடது அறுபத்தாறு வரும்மா" என்று சொல்லிப் பதின்மூன்றாவதாகக் கையெழுத்துப் போட்டார்.

பதில் வர ஏழு மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை களத்துக்குப் போனால் அந்த வாரத்திலேயே ஒரு நாள் மாற்று விடுப்பு என்று வந்தது. ஒப்பந்தக்காரர்களுக்கு விடுப்பே கிடையாது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான் எழுதியிருந்தார்கள். அக்கா அந்தச் சுற்றறிக்கையை ஒரு நகல் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எந்தப் பணியாளருக்காவது மாற்று விடுப்பு மறுக்கப்பட்டால் போன் போட வேண்டும் என்று பன்னிரண்டு பேருக்கும் சொல்லியிருக்கிறார். போன வாரம்கூட ஒரு போன் வந்தது. மனுஷி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.